மாஸ்டர் குவார்ட்டெங் கழற்றிப் போட்டது

பெடியாக்கோ சாவியைத் திருப்பினான். வண்டி 'டிக்' என்றது. மறுபடி திருப்பினான். இந்த முறை அதுகூடச் சொல்லவில்லை.

பின் இருக்கையில் மூன்று பேர். முன்னால் ஒரு பெரிய அம்மாள், அவள் மடியில் கால் கட்டிய கோழி. வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, முன்னால் இருக்கும் வண்டி நகர நகரத் தன் வண்டியையும் தோள் கொடுத்துத் தள்ளி, ஒருவழியாக மாமரத்தடிக்கு, அதாவது முதல் இடத்துக்கு, அவன் வந்து சேர்ந்திருந்தான். ஆட்கள் ஏறியாயிற்று, கதவு சாத்தியாயிற்று. கிளம்புவது ஒன்றுதான் பாக்கி.

"என்னப்பா, எல்லாரும் சேர்ந்து ஜெபம் பண்ணினாத்தான் கிளம்புமா?" என்றாள் அம்மாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. ஜெர்மனி வண்டி. யோசிக்காம எதையும் செய்யாது."

"அது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள என் கோழி முட்டை போட்டுடும்."

அவள் இறங்கினாள். பின்னால் இருந்த மூவரும் இறங்கினார்கள். நால்வரும் கோழியோடு அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ள, அந்த ஓட்டுநர் பெடியாக்கோவைத் தாண்டிப் போகும்போது வேண்டுமென்றே மூன்று முறை ஹாரன் அடித்தான்.

ஓட்டுநர் சங்கத்துச் சேர்மன் அடுசெய் கையில் சாக்கட்டியோடு வந்தார். மாமரத்தில் ஒரு பலகை ஆணி அடித்திருந்தது. அதில் அந்த டாக்ஸி ஸ்டேஷனில் ஓடும் வண்டிகளின் எண்கள். முறை வந்தும் கிளம்பாத வண்டிக்கு ஒரு பெருக்கல் குறி. ஆளை ஏற்றிக்கொண்டு போய்ப் பாதி வழியில் இறக்கிவிட்ட வண்டிக்கும் ஒரு குறி. மூன்று விழுந்தால் அந்த எண்ணின் மேல் தார் பூசிவிடுவார்கள். தார் பூசிய வண்டியைக் கானாவின் குமாசி நகரில் வேறெந்த ஸ்டேஷனும் சேர்த்துக்கொள்ளாது. பெடியாக்கோவின் நாற்பத்தேழாம் எண்ணுக்கு எதிரே ஏற்கெனவே ஒரு குறி இருந்தது. சேர்மன் அதன் பக்கத்தில் இரண்டாவதைப் போட்டார். அதற்குத் துணை கிடைத்த மாதிரி இருந்தது.

"பர்கர், உன் நல்லதுக்குச் சொல்றேன் கேளு," என்றார் கையைத் தட்டிக்கொண்டே. "என் மச்சான் சிமெண்டு பிளாக் கம்பெனி வச்சிருக்கான்ல, வாட்ச்மேன் தேடறான். நாற்காலி தருவான், டார்ச் லைட் தருவான். வண்டியை மேகசின் பட்டறையில வெட்டக் குடுத்துடு. கதவை ஒருத்தன் எடுப்பான், கியர் பாக்ஸை ஒருத்தன் எடுப்பான்."

"என்னையும் வெட்டிப் போட்டா யாராவது எடுப்பாங்களா சேர்மன்?"

"உன் முட்டியை எவனும் எடுக்க மாட்டான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெடியாக்கோவும் சிரித்தான், கொஞ்சம் முந்திக்கொண்டே. நம்மைப் பார்த்து ஊர் சிரிக்கப் போகிறதென்றால் முதல் ஆளாக நாமே சிரித்துவிட வேண்டும், அப்புறம் அவ்வளவாக வலிக்காது என்பது அவன் அயல்நாட்டில் கண்டுபிடித்த வைத்தியம். ஆனால் இன்று அந்த மருந்து வேலை செய்யவில்லை.

"வெட்ட மாட்டேன்," என்றான். "சனிக்கிழமை வரிசையில வந்து நிக்கிறேன்."

"சனிக்கிழமையா? உனக்குக் கிறுக்கா? கறுப்பும் சிவப்பும் கட்டிக்கிட்டு ஊரே வரும்டா. உன் வண்டியை நம்பி ஏறினா பொணம் இவங்களுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடும்."

குமாசியில் யார் எந்தக் கிழமையில் வேண்டுமானாலும் சாகலாம். துக்கச் சடங்கு மட்டும் சனிக்கிழமைதான். அன்றைக்கு ஸ்டேஷனில் வண்டிக்கு அடிதடி.

"சனிக்கிழமை," என்றான் பெடியாக்கோ மறுபடியும்.

*

குமாசியில் பர்கர் என்றால் தின்கிற பண்டமில்லை, ஹாம்பர்க் போய்த் திரும்பிய மனிதன். ஹாம்பர்க்குக்கே போயிருக்க வேண்டுமென்பதில்லை, ஜெர்மனியின் எந்த மூலையில் கால் வைத்திருந்தாலும் சரி. அப்படித் திரும்புகிறவன் இரண்டு மாடி வீடு கட்டுவான், இரண்டு மாமன்மாருக்கு வைத்தியம் பார்ப்பான், சர்ச்சுக்கு ஒலிபெருக்கி வாங்கித் தருவான் என்பது ஊர் வழக்கம். பெடியாக்கோ பத்தொன்பது வருடம் கழித்துத் திரும்பியபோது கொண்டுவந்தது மூன்று: பதினைந்து வயதான ஒரு பச்சைக் கார், முட்டிவலி, தூக்கத்தில் ஜெர்மன் மொழியில் மன்னிப்புக் கேட்கும் பழக்கம்.

கார் தொழிற்சாலையில் வேலை என்றுதான் அத்தனை வருடமும் வீட்டுக்கு எழுதியிருந்தான். பொய் என்று சொல்லிவிட முடியாது. தொழிற்சாலை உண்மை, கார் உண்மை, வேலையும் உண்மை. அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவினான் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தான். மேசை துடைக்க ஆள் வேண்டும் என்கிறபோது தவிர, "இப்போது உன் முறை" என்று பத்தொன்பது வருடத்தில் யாரும் அவனிடம் சொன்னதில்லை. அதனால்தான் மாமரத்தடி வரிசை அவனுக்குப் பிடித்துப் போனது. அங்கே வரிசைக்காரர் மூசா தினமும் நாலு முறை கையை ஆட்டிக் கூப்பிடுவார்: "நாப்பத்தேழு! உன் முறை!" வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்தால் யார் அப்படிக் கூப்பிடப் போகிறார்கள்? திருடனா?

வண்டி துறைமுகத்திலிருந்து வந்த வாரமே அதை, மெக்கானிக் கொட்டகைகள் நிறைந்த மேகசின் பேட்டைக்கு ஓட்டிப் போயிருந்தான். குமாசியில் வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு காரும் அங்கே போய் ஞானஸ்நானம் வாங்கித்தான் ஆக வேண்டும். மாஸ்டர் குவார்ட்டெங்கின் கொட்டகை அதற்குப் பேர்போனது. மாஸ்டர் அன்று மூடியைத் தூக்கினார், ஒரு நிமிடம் பார்த்தார், ஸ்பேனரை எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைச் சாமானைக் கழற்றி வெளியே எடுத்தார்.

"தெர்மோஸ்டாட்," என்றார். "வெள்ளைக்காரன் ஊர்ல பனி பெய்யுது, இன்ஜின் சூடாகிறவரைக்கும் தண்ணியைத் தடுத்து வைக்க இதை வைக்கிறான். இங்க எதுக்கு இது? நம்ம ஊர்ல பச்சைத் தண்ணியே பாதி வெந்நீர்."

கொட்டகையின் கூரையிலிருந்து ஒரு நீளக் கம்பி தொங்கியது. அதில் இருபத்தாறு வருடத்துத் தெர்மோஸ்டாட்கள், காயப்போட்ட கருவாடு மாதிரி கோத்திருந்தன. பெடியாக்கோவுடையதையும் அதன் நுனியில் கோத்துவிட்டு, மாஸ்டர் ரேடியேட்டர் விசிறியின் வயரைப் பிடுங்கி நேராகப் பேட்டரியில் முடுக்கினார். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்தார். "இதை அணைக்கவே கூடாது. நின்னாலும் ஓடினாலும் விசிறி சுத்திக்கிட்டே இருக்கணும். உன் இன்ஜின் ஐஸ்கட்டி மாதிரி இருக்கும், இது என் வாக்கு."

மூன்றாம் வாரமே மிஷன் மேட்டில் ஐஸ்கட்டி புகைந்தது. நான்கு பயணிகள் இறங்கி நடந்தார்கள். முதல் குறி.

மாஸ்டர் ரேடியேட்டரைக் கழுவினார், மூடியை மாற்றினார், தண்ணீர்ப் பம்பை மாற்றினார், பேட்டரியை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் வண்டி ஒரு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு அடுத்த நாள் அவன் மானத்தை வாங்கும். இப்போது வரிசையிலும் நின்றுவிட்டது.

இரண்டாம் குறி விழுந்த அன்று அவன் நேராக வீட்டுக்குப் போகவில்லை. நாலு பேர் தள்ளி வண்டியைக் கிளப்பிக்கொண்டு எழுத்து வரைகிறவனிடம் போனான். ஸ்டேஷனில் எல்லா டாக்ஸியின் பின் கண்ணாடியிலும் ஏதாவது ஒரு வாசகம் இருக்கும். அவனுடையது மட்டும் இதுவரை வெறுங்கண்ணாடி.

மாலையில் அவன் மனைவி நியார்க்கோ, மரவள்ளிக் கிழங்கை உரலில் ஃபூஃபூக் களியாக இடித்த கையோடு வாசலுக்கு வந்து பார்த்தாள். பின் கண்ணாடியில் சிவப்புப் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"யார் சொன்னது?" என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இது என்ன கேள்வி? யார் எதைச் சொன்னது?"

"எல்லாத்தையும்தான். இந்த வண்டி ஓடாதுன்னு யார் சொன்னது? இவன் வாட்ச்மேனுக்குத்தான் லாயக்குன்னு யார் சொன்னது?"

"நான் சொல்றேன். ஊரே சொல்லுது. வண்டியும்தான் வாரம் ஒருதடவை சொல்லுது." இடுப்பில் கைவைத்து அவனையே பார்த்தாள். "சேர்மன் இங்க வந்துட்டுப் போனார், டார்ச் லைட் விஷயமா."

"நீ என்ன சொன்னே?"

"எங்க வீட்டுக்காரருக்கு இருட்டுன்னா பயம், வேற ஆளைப் பாருங்கன்னு சொன்னேன்." உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்காமல், "சனிக்கிழமை நின்னுச்சுன்னா நானே கோடாலி எடுத்துட்டு வருவேன், மேகசின் வரைக்கும் போக வேண்டாம்," என்றாள்.

*

வியாழக்கிழமை பெடியாக்கோ வரிசையில் சேராமல் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். மடியில் வண்டியோடு வந்த கையேடு. முழுக்க ஜெர்மன். அவனுக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் படித்ததுதான்: சூடு, ஈரம், வழுக்கும், கூடாது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், மாஸ்டர் கழற்றிய பித்தளைச் சாமானின் படத்துக்குக் கீழே, அந்தக் 'கூடாது' கொட்டை எழுத்தில் இருந்தது. பத்தொன்பது வருடம் அவனை விரட்டிய சொல்லை இப்படி ஒரு நாள் சொந்தக்காரனைப் பார்த்ததுபோலப் பார்ப்பான் என்று அவன் நினைத்ததில்லை.

ஆனால் எது கூடாது? ஏன் கூடாது? அதைச் சொல்லும் வரிகள் அவனுக்கு எட்டவில்லை. படத்தில் சாமானுக்கு மேலே ஒரு மூடி, கீழே ஒரு மூடி. தண்ணீர் போகும் வழிக்கு இரண்டு அம்புக்குறி. ஒன்று ரேடியேட்டரைச் சுற்றி வரும் நீள வழி. இன்னொன்று குட்டையாக, இன்ஜினுக்குள்ளேயே திரும்பிவிடும் குறுக்கு வழி.

மிஷன் மேட்டில் வண்டி புகைந்த அன்று அவன் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்திருந்தான். இன்ஜினில் முட்டை வேகவைக்கலாம், ரேடியேட்டரோ வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல. அதை மாஸ்டரிடம் சொன்னதற்கு, "உன் கை மரத்துப் போச்சு, குளிர் நாட்டுல இருந்தவன்தானே," என்று பதில் வந்தது.

அப்போது மூசா சாப்பிடப் போனார்.

மூசா தெருப் பக்கத்து வாசலில் கம்போடு நிற்கும்வரை வருகிற பயணிகள் எல்லாரும் உள்ளே நடந்து, மரத்தடியில் நிற்கும் முதல் வண்டியில்தான் ஏறுவார்கள். அவர் ஃபூஃபூ தின்னப் போன அடுத்த நொடி, உள்ளே வரும் ஆட்கள் வாசலோரம் கடைசியாக நின்ற வண்டியிலேயே தொற்றி ஏறினார்கள். அந்த ஓட்டுநரும் ஏற்றிக்கொண்டு பறந்தான். மரத்தடி வண்டிகள் ஈ ஓட்டின. முதல் வண்டிக்காரன் கத்தினான்: "டேய், நான் இங்க நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? காலு இருக்குல்ல, நடந்து வாங்கடா!" யார் நடப்பார்கள்? பக்கத்திலேயே வண்டி இருக்கும்போது?

பெடியாக்கோ படத்தைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

தண்ணீரும் சோம்பேறிதான். குறுக்கு வழி திறந்து கிடந்தால் அது எதற்கு ரேடியேட்டர்வரை நடக்கப் போகிறது? அந்தப் பித்தளைச் சாமான் சூட்டில் மேல் மூடியைத் திறக்கும்போது கீழ் மூடி நகர்ந்து குறுக்கு வழியை அடைக்கிறது. அது தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறவன் இல்லை, கம்பைக் காட்டி நீள வழியில் அனுப்புகிறவன். இன்ஜினின் மூசாவைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டாயிற்று! தண்ணீர் உள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொதிக்கிறது, ரேடியேட்டர் ஈ ஓட்டுகிறது.

விசிறியோ, இன்ஜின் அணைந்த பிறகும், வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரமும் விடாமல் சுற்றிப் பேட்டரியைத் தின்று தீர்க்கிறது. முறை வரும்போது சாவிக்கு 'டிக்' தவிர வேறென்ன கிடைக்கும்?

இரண்டு நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இரண்டும் மாஸ்டர் கொடுத்த மருந்து.

*

வெள்ளிக்கிழமை காலை மாஸ்டர் குவார்ட்டெங்கின் கொட்டகையில் அவன் சொன்னதைக் கேட்டு ஸ்பேனர்கள் நின்றன.

"திரும்ப மாட்டணுமா?" என்றார் மாஸ்டர். அவர் குரல் உயரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "இருபத்தாறு வருஷமா கழட்டுறேன். இந்த மேகசின்ல கழட்டாத கை கிடையாது. நேத்து வந்த நீ ஒரு படத்தைப் பார்த்துட்டு எனக்குச் சொல்லித் தரியா?"

"பழைய வண்டிக்கு ஒரு வழிதான் மாஸ்டர், அதுல நீங்க கழட்டினது சரிதான். இதுல ரெண்டு வழி இருக்கு. உங்க கண்ணு முன்னாடியே காட்டுறேன்."

கம்பியின் நுனியில் கோத்திருந்த தன்னுடையதை எடுத்தான். கொட்டகைக்கு வெளியே மக்காச்சோளக் கஞ்சி விற்கும் பெண்ணின் அடுப்பில் ஒரு பானைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இதை உள்ள விட்டுப் பார்த்துக்கட்டுமா?"

"விட்டுக்கோ. ஆனா அந்தத் தண்ணி அப்புறம் உனக்குத்தான், கால் கழுவிக்கோ. என் கஞ்சியில கிரீஸ் வாடை வந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

நூலில் கட்டி இறக்கினான். பத்துப் பேர் பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சாமான், தூக்கத்திலிருந்து எழுகிற மாதிரி, மெல்ல மேல் மூடியைத் திறந்தது. அதே நேரம் கீழ் மூடி வெளியே நீண்டது.

"வாயைத் திறக்குது!" என்று யாரோ கத்தினார்கள்.

"தண்ணியில மீனும்தான் வாயைத் திறக்கும்," என்றார் மாஸ்டர். "அதுக்காக மீனை இன்ஜின்ல வச்சுடுவியா?"

கொட்டகையே அதிர்ந்து சிரித்தது. பெடியாக்கோவுக்கே சிரிப்பு வந்தது, நல்ல அடி அது. அடக்கிக்கொண்டான்.

"கார் தொழிற்சாலையில இருந்தவராச்சே," மாஸ்டர் விடவில்லை. "ஊருக்கே கடுதாசி போட்டியே. எந்தப் பிரிவு? இன்ஜினா? கியரா? சொல்லு, தெரிஞ்சுக்கறேன்."

கஞ்சிக்கார அக்காகூடக் கரண்டியை நிறுத்திவிட்டாள். இன்ஜின் பிரிவு என்று சொன்னால் யாரும் போய் விசாரிக்கப் போவதில்லை. பத்தொன்பது வருடம் ஓடிய பொய், இன்னும் ஒரு மேடு ஏறாதா? அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் மாஸ்டர் கழற்றியபோதெல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டிக்கொண்டு நின்றான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடுப்படிப் பிரிவு," என்றான். "தட்டுக் கழுவினேன். பத்தொன்பது வருஷம். அந்தத் தொழிற்சாலையில நான் தொட்ட பெரிய மெஷின் உருளைக்கிழங்கு உரிக்கிறது. இன்ஜினைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது மாஸ்டர். ஆனா என் வண்டியைப் பத்தித் தெரியும். ரேடியேட்டர் வெதுவெதுன்னு இருந்துச்சு. என் கை மரத்துப் போகலை."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டர் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் கழட்டினதை நான் மாட்ட மாட்டேன்," என்றார் கடைசியில். "நீ மாட்டிக்கோ. ஆனா நாளைக்கு வண்டி வெந்துச்சுன்னா இந்த மேகசின்ல ஒரு கை உன் வண்டியைத் தொடாது. வெட்டுறதுக்குக்கூட."

"சரி."

"என் ஸ்பேனரையும் தர மாட்டேன்." சொல்லிவிட்டு அவர் நடந்து போனார். போகிற வழியில் அவர் கால் டூல் பெட்டியில் பட்டு, அது பெடியாக்கோ நின்ற பக்கமாக ஒரு முழம் நகர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கை தேர்ந்தவன் இருபது நிமிடத்தில் முடிக்கிற வேலை. பெடியாக்கோவுக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஒரு போல்ட் கைநழுவி இன்ஜினுக்கடியில் விழுந்து அதை மீட்க முக்கால் மணி நேரம். மூடிக்கடியில் கசிவை அடைக்கும் பேக்கிங் தாளைக் கோணலாக வெட்டித் தண்ணீர் ஒழுக, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி வெட்டினான். விசிறியின் சொந்த வயர், பிடுங்கின இடத்திலேயே தலைதொங்கிக் கிடந்தது. அதைப் பழைய இடத்தில் சொருகிவிட்டு, டாஷ்போர்டுக்குக் கீழிருந்த சுவிட்சைப் பிடுங்கித் தூர எறிந்தான். இரண்டு விரல் முட்டியில் தோல் போயிருந்தது. தட்டுக் கழுவிய நாளில் ஒருபோதும் அப்படி அடிபட்டதில்லை என்று அவனுக்கே ஒரு கர்வம் வந்தது.

*

சனிக்கிழமை மாமரத்தடி கறுப்பும் சிவப்புமாக நிறைந்திருந்தது. பெடியாக்கோ வரிசையில் ஒன்பதாவது. இன்ஜினை அணைத்தான். விசிறி சத்தம் இல்லை. அந்த நிசப்தம் அவனுக்குப் பழக்கமே இல்லாதது. தள்ளினான், நின்றான், தள்ளினான். ஒரு மணி நேரம்.

சேர்மன் அடுசெய் பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் தார் டப்பா. மூடியைக் குச்சியால் நெம்பித் திறந்தே வைத்திருந்தார்.

"காத்துப்பட்டா கெட்டியாயிடும் சேர்மன்," என்றான் பெடியாக்கோ, வண்டியைத் தள்ளிக்கொண்டே.

"அவ்வளவு நேரம் ஆகாதுப்பா."

மரத்தடி வந்தது. மூசா கம்பை ஆட்டினார். "நாப்பத்தேழு! உன் முறை!" பின்னால் மூன்று பெண்கள் ஏறினார்கள். நான்காவதாக, இடது தோளில் கறுப்புத் துணியை வரிந்து கட்டிய ஒருவர் முன் கதவைத் திறந்தார். திறந்தவர் பெடியாக்கோவைப் பார்த்ததும் சாத்தினார்.

மாஸ்டர் குவார்ட்டெங்.

"அடுத்த வண்டியில வரேன்," என்றார் மூசாவிடம்.

"மாஸ்டர், வரிசைன்னா வரிசை. ராஜா வந்தாலும் முதல் வண்டிதான். இதுல ஏறுங்க, இல்லேன்னா நடங்க."

"நடந்தா அங்க எல்லாம் முடிஞ்சிடும் ஐயா, ஏறுங்க!" என்றாள் பின்னாலிருந்த ஒரு பெண்.

மாஸ்டர் ஏறினார். முழங்காலில் கையை வைத்து நேராக முன்னால் பார்த்தார். நான்கு ஓட்டுநர்கள் தங்கள் வண்டியை விட்டு இறங்கி வந்தார்கள். சேர்மன் குச்சியைத் தாரில் முக்கி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பெடியாக்கோ சாவியைத் திருப்பினான்.

ஒரு 'டிக்'. அவன் உயிரில் ஒரு பகுதி அந்த டிக்கோடு இறங்கிப் போனது. உடனேயே இன்ஜின் இருமிக்கொண்டு பிடித்தது. பிடித்தது மட்டுமல்ல, அவன் அவசரத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டதால் கர்ஜித்தது. பின்னால் இருந்த பெண்கள் "ஏசுவே!" என்றார்கள். சேர்மனின் குச்சியிலிருந்து ஒரு சொட்டுத் தார் அவர் வெள்ளைச் செருப்பிலேயே விழுந்தது. பெடியாக்கோ ஹாரன் அடித்தான். மூன்று தடவை.

மிஷன் மேட்டின் அடிவாரத்தில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. இரண்டு வண்டிகள் ஏற்கெனவே ஓரத்தில் மூடியைத் தூக்கி ஆவி விட்டுக்கொண்டிருந்தன. மாஸ்டர் அவற்றைப் பார்த்தார், பிறகு டாஷ்போர்டிலிருந்த சூட்டு முள்ளைப் பார்த்தார். அதற்கப்புறம் வேறெதையும் பார்க்கவில்லை.

முள் பாதியில் நின்றது. ஏற்றத்தில் முதல் கியரில் ஊர்ந்தார்கள். முள் பாதியைத் தாண்டியது. இன்னும் ஒரு மயிரிழை. பெடியாக்கோவின் முதுகில் வியர்வை ஓடியது. மாஸ்டரின் கை, பழக்கத்தில், டாஷ்போர்டுக்குக் கீழே போய்த் துழாவியது.

"சுவிட்ச் எங்க?"

"எடுத்துட்டேன்."

"எடுக்கலாம்னு யார் சொன்னது?"

"அதைத்தான் பின் கண்ணாடியில எழுதியிருக்கேன் மாஸ்டர்."

மாஸ்டர் திரும்பிப் பார்க்கத் தலையைத் திருப்பிய அந்த நேரத்தில், முன்னால் 'விர்ர்' என்று ஒரு சத்தம். அவர் துள்ளினார். "யாரு போட்டது?"

"யாரும் போடலை. அதுவா போட்டுக்குச்சு."

விசிறி சுற்றியது. முள் தயங்கியது, யோசித்தது, பாதிக்கே திரும்பி வந்தது. விசிறி தானாகவே நின்றது. மேட்டின் உச்சியில் ஓரமாக நின்ற ஒரு பெரிய வண்டியை அவர்கள் தாண்டியபோது, பின்னாலிருந்த பெண்களில் ஒருத்தி ஜன்னல் வழியாக அந்த ஓட்டுநருக்குக் கையசைத்தாள், ஏதோ தானே வண்டி ஓட்டுகிற மாதிரி.

துக்க வீட்டுப் பந்தல் முன்னால் பெண்கள் இறங்கினார்கள். மாஸ்டர் இறங்கவில்லை. தோள்துணியைச் சரிசெய்தார். செய்ததையே மறுபடி செய்தார்.

"என் வண்டி வீட்டு வாசல்ல நிக்குது," என்றார். "வெந்துபோச்சு. இந்த மாசம் நாலாவது தடவை. அதான் உங்க மாமரத்தடிக்கு வந்தேன்."

அவரைக் கிண்டல் செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு பெடியாக்கோவுக்கு வரப் போவதில்லை. ஒரு மீன் விஷயமாகக்கூட நாக்கு நுனியில் ஒன்று வந்து நின்றது. அவர் விரல் முட்டிகளைப் பார்த்தான். இருபத்தாறு வருடத்தில் தோல் போய்ப் போய், அங்கே புதிதாகப் போவதற்குத் தோலே இல்லை. மீனை விழுங்கிவிட்டான்.

"உங்க வண்டியில ஒரு வழியா, ரெண்டு வழியா மாஸ்டர்?"

"பார்க்கணும்." கதவுப் பிடியில் கை வைத்தார். "அந்தக் கம்பியில என்னுது எது தெரியுமா? முதல்ல கோத்தது. மேல, கூரையை ஒட்டி இருக்கும், களிம்பு பிடிச்சு."

"கஞ்சிக்கார அக்கா பானையில போட்டுப் பார்ப்போம்."

"அவ என்னை விடமாட்டா. உன்னை விட்டா. தட்டுக் கழுவினவன்னு ஒரு பாசம்." மாஸ்டர் இறங்கினார். கதவைச் சாத்துவதற்கு முன் குனிந்து, ரொம்பக் கண்டிப்பாக, "பேக்கிங் கோணலா வெட்டியிருக்கே. ஒரு ஓரம் கசியுது. திங்கக்கிழமை கொண்டா," என்றார். பந்தலுக்குள் நடந்து போனார்.

பெடியாக்கோ ஸ்டேஷனுக்குத் திரும்பி வரிசையின் கடைசியில் நின்று, இன்ஜினை அணைத்தான். சேர்மன் செருப்பை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தார். தார் டப்பாவின் மூடி சாத்தியிருந்தது.

"இன்னும் ஒரு குறிக்கு இடம் இருக்கு, மறந்துடாதே பர்கர்," என்றார்.

"இடம் இருக்கட்டும் சேர்மன். அழகா இருக்கு."

வரிசையில் அவனுக்கு முன்னால் பதினோரு வண்டிகள். முட்டி வலித்தது. இருக்கையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். முன் வண்டி நகர்ந்ததும் யாரோ தட்டி எழுப்பியபோது, தூக்கத்தில் அவன் ஜெர்மனில் எதுவும் சொல்லவில்லை. இறங்கி வண்டியைத் தள்ளினான்.